இத்தாலியன் கடையில காத்திருந்து சாப்பிடப் போறவங்க பண்ணக்கூடாத தப்புகள்

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்ச கையோட பதினோரு பேரு ரெண்டு கார்ல, ஒரு போன் கூட பண்ணாம, மத்தியானம் ஒண்ணரைக்கு போய் இறங்குனோம். குளச்சல் பக்கம் ஒரு குடும்பமே சேந்து நடத்துற சின்ன இத்தாலியன் ரெஸ்டாரண்ட், பேரு வேண்டாம், ஏற்கெனவே அங்க கூட்டம் தாங்கல. கடைக்கார அண்ணன் பல வருஷம் கப்பல்ல இத்தாலிக்கார செஃப்புங்க கூட கிச்சன்ல நின்னவரு, ஊருக்கு வந்து வீட்டோட முன்பக்கத்தையே கடையாக்கிட்டாரு. அடுப்புல அவரு, பீட்சா போடறது மூத்த பையன், ஆர்டர் எடுக்கறதும் கல்லாவும் அவரு வீட்டுக்காரி, பின்னால திண்ணையில அவரோட அம்மா உக்காந்து சிப்பி கழுவுறதும் பூண்டு உரிக்கறதுமா இருப்பாங்க. மேசை மொத்தம் எட்டு. அவ்ளோதான் கடை.

போன் பண்ணாம போனது தப்புதான், ஆனா அன்னைக்கு நான் பண்ணுன பெரிய தப்பு வேற, இப்ப நினைச்சாலும் நெஞ்சு படபடங்குது. எங்க மாமிக்கு சுகர் உண்டு. இப்பம் சாப்பாடு வந்துரும்லான்னு கார்ல வச்சே மத்தியான மாத்திரையை குடுத்துட்டேன். உள்ள போனா லிஸ்ட்ல எங்களுக்கு முன்னால ஆறு குடும்பம். முக்கா மணி நேரம் ஆயிருக்கும், முத்தத்துல பிளாஸ்டிக் சேர்ல இருந்த மாமி பேச்சை நிறுத்திட்டாங்க, கையை புடிச்சா ஜில்லுன்னு வேத்து வழியுது, விரலெல்லாம் நடுங்குது. எங்க பதினோரு பேர்ல யாரும் கவனிக்கல, அந்த கடைக்காரரோட அம்மா தான் கவனிச்சாங்க. பூண்டு நாத்தம் அடிக்கற கையோட எந்திரிச்சு ஓடி, ஒரு டம்ளர் தண்ணில மூணு ஸ்பூன் சீனி கலக்கி கொண்டாந்து "மக்ளே, இதை பைய குடிக்க வையி"ன்னு குடுத்தாங்க. கால் மணி நேரத்துல மாமி முகம் தெளிஞ்சுது. மாத்திரை போட்டுட்டு சாப்பிடாம இருந்ததுல சுகர் ரொம்ப கீழ இறங்கிருக்கு. அதனால மொதல்ல இதை சொல்லிடறேன்: காத்திருக்கற கடைக்கு சுகர்காரங்களை கூட்டிட்டு போனா, தட்டு எப்ப வரும்னு தெரியாம மாத்திரையோ ஊசியோ போடாதீங்க, நேரம் தள்ளிப்போனா என்ன செய்யணும்னு டாக்டர்ட்ட முன்னாடியே கேட்டு வச்சுக்கிடுங்க, பையில ரெண்டு மட்டிப்பழமும் கொஞ்சம் குளுக்கோஸ் பவுடரும் இருக்கட்டும். பிள்ளைங்களுக்கும் வீட்டுலயே ரெண்டு இட்லி குடுத்து கூட்டிட்டு போங்க, பசியில அழற பிள்ளையை வச்சுட்டு எந்த சாப்பாடும் ருசிக்காது.

இனி அந்த நேரம் ஏன் ஆகுதுன்னு சொல்றேன், ஏன்னா இது புரிஞ்சா பாதி தப்பு தானா போயிரும். நாம ஓட்டல்னாலே பிரியாணிக்கடை கணக்குல தான் நினைக்கறோம், காலையிலயே தம் போட்டு இறக்கிருப்பாங்க, நாம உக்காந்ததும் கரண்டியால அள்ளி வைப்பாங்க. மீன் சாப்பாடும் அப்படித்தான், குழம்பும் அவியலும் ரெடியா இருக்கும், மீன் பொரிக்கற நேரம் தான். பாஸ்தா அப்படி இல்ல. காஞ்ச பாஸ்தா வேக 8 நிமிஷத்துல இருந்து 12 நிமிஷம் வரைக்கும் ஆகும், வேகறதுக்குள்ள பக்கத்து சட்டில சாஸ் தயாராகணும், ரெண்டும் ஒரே நேரத்துல சேரணும். நான் முத்தத்துல இருந்து ஜன்னல் வழியா பாத்தேன்: நல்லெண்ணெய்க்கு பதிலா ஆலிவ் எண்ணெய், அதுல நசுக்குன பூண்டு, நம்ம நெத்திலி மாதிரியே உப்புல ஊறவச்ச ஒரு சின்ன மீனு, அது எண்ணெயில கரைஞ்சே போயிருச்சு, பொறவு பாஸ்தாவை வடிக்காம அப்படியே இடுக்கியால தூக்கி சட்டில போட்டு, அது வெந்த தண்ணியையே ஒரு கரண்டி ஊத்தி சட்டியை ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுனாரு. அந்த கஞ்சித்தண்ணி தான் எண்ணெயையும் தண்ணியையும் சேத்து கொழகொழன்னு பிடிக்க வைக்குது. ஒரு சட்டில ரெண்டு பேருக்கு, மிஞ்சிப்போனா மூணு பேருக்கு தான் இதை செய்யமுடியும். அடுப்பு நாலு. எட்டு மேசைக்கு நீங்களே கணக்கு போட்டுக்கிடுங்க.

ரிசோட்டோ கேட்டா இன்னும் நேரம், பச்சரிசியை... இல்ல, அது இத்தாலியோட குண்டு அரிசி, ஆர்போரியோன்னு சொல்வாங்க, அதை வறுத்து கொஞ்சம் கொஞ்சமா சூப்தண்ணி விட்டு கிண்டிட்டே இருக்கணும், 18 நிமிஷம் 20 நிமிஷம் ஒரு ஆளு அடுப்பை விட்டு நகர முடியாது. கூட்ட நேரத்துல நாலு பேரு நாலு மாதிரி கேட்டு அதுல ஒண்ணு ரிசோட்டோவா இருந்தா, மத்த மூணும் அதுக்காக காத்துக்கிடக்கும், இல்ல முன்னாடியே வந்து ஆறிப்போகும். பதினோரு பேரும் பதினோரு ஐட்டம் சொன்னோம் நாங்க. பேசி வச்சு மூணு நாலு ஐட்டம், ஒண்ணொண்ணும் ரெண்டு மூணு பிளேட்னு சொல்லிருந்தா ஒரே சட்டில சேத்து போட்டு சீக்கிரமா வந்திருக்கும், எல்லாரும் பங்கு வச்சும் தின்னுருக்கலாம்.

பீட்சா தான் சீக்கிரம் வரும்னு நினைப்போம், அது ஓரளவு சரிதான். இத்தாலில நேப்பிள்ஸ்ங்கற ஊரு முறையில விறகு அடுப்பு 400 டிகிரிக்கு மேல காஞ்சு கிடக்கும், உள்ள போன பீட்சா 60ல இருந்து 90 செகண்ட்ல வெளிய வந்துரும். ஆனா மாவு கொறஞ்சது எட்டு மணி நேரமாச்சும் பொங்கணும். ஆப்பத்துக்கு ராத்திரியே மாவு கலக்கி வைக்கணும்லா, அதே கதை. அதனால தான் ரெண்டரை மணிக்கு போனா மாவு தீந்துருச்சுன்னு சொல்வாங்க, அப்ப அந்த பையன்ட்ட "கொஞ்சம் பிசைஞ்சு போட்டு குடுக்க என்ன"ன்னு ஒருத்தர் சண்டை பிடிச்சதை நேர்ல பாத்தேன், பையன் பாவம் என்ன செய்வான். இன்னொரு மேசைல பீட்சா நடுவுல வேகலன்னு திருப்பி அனுப்புனாங்க. வெந்துதான் இருந்துது. ஆப்பத்துல நடு பொங்கி மெத்துன்னு இருக்கும், ஓரம் மெல்லிசா மொறுமொறுன்னு இருக்கும், நேப்பிள்ஸ் பீட்சா அதுக்கு நேர் எதிர், ஓரம் பொங்கி கருப்பு புள்ளி விழுந்திருக்கும், நடு மெல்லிசா தொங்கும். இந்த பீட்சா போடற கலையை 2017ல யுனெஸ்கோ பண்பாட்டுச் செல்வம்னு பட்டியல்ல சேத்திருக்கு, அது தெரியாம நாம கருகிருச்சு வேகலன்னு சொல்லிட்டு இருக்கோம்.

பாஸ்தாவையும் "இன்னும் நல்லா வேக வச்சு குடுங்க"ன்னு கேக்காதீங்க. உள்ளுக்குள்ள ஒரு சின்ன கடி இருக்கணும், பல்லுல படணும், அதுக்கு தான் அல் தென்த்தேன்னு பேரு. கார்பனாராங்கற பாஸ்தாவை திருப்பி சூடாக்க சொல்றது அதை விட மோசம், அது கிரீம் போட்டது இல்ல, முட்டை மஞ்சக்கருவும் சீஸும் பாஸ்தாவோட சூட்டுலயே திரண்டு வர்றது, மறுபடி அடுப்புல வச்சா முட்டைப் பொரியலா போயிரும். இதுல இன்னொரு பழக்கம், எல்லாருக்கும் வரட்டும்னு தட்டை முன்னால வச்சுட்டு உக்காந்திருக்கறது. நம்ம வளப்பு அப்படி, தப்பு சொல்லல, ஆனா பாஸ்தா அஞ்சு நிமிஷத்துல சாஸை குடிச்சுட்டு ஒட்டிப்போகும். வந்ததை நடுவுல வச்சு எல்லாரும் ஆளுக்கு ரெண்டு வாய் எடுத்துக்கிடுங்க, அடுத்தது வர்றதுக்குள்ள இது தீந்துரணும்.

எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கற விஷயம் ஒண்ணு உண்டு, அது சாப்பிடறவங்க சேருக்கு பின்னால போய் நிக்கறது. கல்யாண வீட்டு பந்தில பழகுன பழக்கம், இலை எடுக்கறதுக்கு முன்னாடியே சேரை புடிச்சுட்டு நிப்போம். அன்னைக்கு எங்க ஆளுங்களும் அப்படித்தான் ஒரு வயசான தம்பதிக்கு பின்னால போய் நின்னாங்க, அந்த அம்மா பாதி தட்டை வச்சுட்டு எந்திரிச்சுட்டாங்க. ஒரு மணி நேரம் காத்திருந்து உக்காந்தவங்க அவங்களும். லிஸ்ட்ல பேரு இருக்கு, கூப்பிடுவாங்க, முத்தத்துலயே இருங்க. அதே மாதிரி நமக்கு இடம் கிடைச்ச பொறவு, வெளிய ஆளு நிக்குதுன்னு தெரிஞ்சும் பில் குடுத்துட்டு அரை மணி நேரம் போன் பாத்துட்டு இருக்கறதும் வேண்டாம், கதை பேச கடற்கரை இருக்குலா. போன்ல கூப்பிடறோம்னு சொன்னா தூரமா போயிராதீங்க, சைலண்ட்லயும் போடாதீங்க. ஒரு ஆளை மட்டும் அனுப்பி பத்து பேருக்கு மேசை புடிச்சு வைக்கறதும் நியாயம் இல்ல.

நேரத்தை பத்தி சொல்லணும்னா, ஞாயித்துக்கிழமை மத்தியானமும், அரைப்பரீட்சை லீவுல, கிறிஸ்மஸுக்கு ஊருக்கு வந்தவங்க இருக்கற நாள்லயும் போகவே போகாதீங்க. மாசில மண்டைக்காடு கொடை, டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, இந்த சமயத்துல ரோட்டுலயே பாதி நேரம் போயிரும். வார நாள்ல 12 மணிக்கு கதவு திறக்கும்போதே போனா நிம்மதியா சாப்பிடலாம். மேசை சொல்லணும்னா சாயங்காலம் நாலு அஞ்சு மணிக்கு போன் பண்ணுங்க, அப்பதான் அடுப்பு ஓய்ஞ்சிருக்கும். மத்தியானம் ஒரு மணிக்கு அடிச்சா யாரு எடுப்பா, எடுக்க வேண்டிய கை தான் தட்டு தூக்கிட்டு இருக்கு. இன்னொண்ணு, ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும் நம்ம மேற்குக் கரையில விசைப்படகுக்கு தடைக்காலம், அப்ப போய் எறாலும் கணவாயும் போட்ட பாஸ்தா இல்லையான்னு கோவப்படாதீங்க, வள்ளத்துல என்ன வந்துதோ அதைத்தான் போடுவாங்க.

சைவக்காரங்க கவனமா இருக்க வேண்டிய இடம் நிறைய இருக்கு. தக்காளி சாஸ்தானேன்னு நினைப்போம், புத்தனெஸ்கான்னு ஒரு சாஸ்ல அந்த நெத்திலி மாதிரி மீனு கரைஞ்சு கிடக்கும், கண்ணுக்கு தெரியாது. அசல் பார்மஜான் சீஸ் கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கற உறையை வச்சு செய்யறது, அதனால சுத்த சைவம்னா எந்த சீஸ்னு கேட்டுட்டு தான் சாப்பிடணும். கார்பனாரால பன்னிக் கன்னத்து கறி போடுவாங்க, வேண்டாம்னா முதல்லயே சொல்லுங்க. கேட்டா அவங்களுக்கு கஷ்டம் இல்ல, தின்ன பொறவு தெரிஞ்சா தான் எல்லாருக்கும் கஷ்டம்.

மீன், சிப்பி போட்ட பாஸ்தாவுக்கு மேல சீஸ் துருவிப் போட சொல்லாதீங்க, கடல் ருசி அமுங்கிப்போகும்னு இத்தாலிக்காரங்க போடறதில்ல. காரம் வேணும்னா காஞ்சமிளகா கேளுங்க, அது அவங்க சமையல்லயே உண்டு, தெக்கு இத்தாலில கலாப்ரியா பக்கம் நம்மளை மாதிரியே மிளகா திங்கறவங்க தான். கெச்சப் மட்டும் வேண்டாம்.

பார்சல் வாங்குனா பீட்சா டப்பா மூடியை கொஞ்சம் திறந்தே வைங்க, மூடுனா ஆவில நனைஞ்சு ரப்பர் மாதிரி ஆயிரும். பாஸ்தாவை பார்சல் வாங்காதீங்க, குளச்சல்ல இருந்து நாகர்கோவில் வர்றதுக்குள்ள அது வேற ஐட்டம்.

கப்பல் வேலைக்கோ நர்ஸ் வேலைக்கோ இத்தாலி போறவங்க நம்ம ஊர்ல நிறைய பேரு இருக்கீங்க, உங்களுக்கு ரெண்டு வார்த்தை. அங்க பல ரெஸ்டாரண்ட்ல மத்தியானம் ரெண்டரையோட அடுப்பு அணைஞ்சிரும், ராத்திரி ஏழரைக்கு மேல தான் திறக்கும். பில்லுல கோப்பெர்த்தோன்னு ஆளுக்கு ஒண்ணு ரெண்டு யூரோ இருந்தா ஏமாத்துறாங்கன்னு நினைக்க வேண்டாம், மேசைக்கும் ரொட்டிக்கும் வாங்குறது. தண்ணியும் பாட்டிலுக்கு காசு தான். பெப்பரோனி பீட்சான்னு கேட்டா குடைமிளகா போட்டு வரும், அவங்க பாஷைல அந்த வார்த்தைக்கு அதுதான் அர்த்தம்.

கடைசியா திராமிசுங்கற இனிப்பு. காப்பில நனைச்ச பிஸ்கட்டும் மஸ்கர்போனே சீஸும் அடுக்கி பல மணி நேரம் ஃபிரிட்ஜ்ல வச்சா தான் அது சேரும், கேட்ட ஒடனே செய்ய முடியாது, அந்த குடும்பம் ஒரு நாளைக்கு ஒரு தட்டு தான் போடறாங்க. பச்சை முட்டை சேப்பாங்க, சில இடத்துல ரம்மும் விடுவாங்க, அதனால பிள்ளைத்தாச்சிக்கும் சின்னப் பிள்ளைங்களுக்கும் கேட்டுட்டு குடுங்க. நாங்க சாப்பிட்டு முடிச்சு கேக்கும்போது ரெண்டு துண்டு தான் மிச்சம். ஒண்ணை மாமியை காப்பாத்துன அந்த அம்மா கையில குடுத்தேன், வாங்க மாட்டேன்னுட்டாங்க, பேரனுக்காச்சும் குடுங்கன்னு வச்சுட்டு வந்தேன். இப்பம்லாம் மேசைக்கு போன் பண்ணும்போதே திராமிசு எத்தனைன்னும் சேத்து சொல்லிடறது.