செயின்சா கோணலாக அறுத்தது: கோளாறு செயினில் இல்லை

தடித்த கட்டையில் பாதி ஆழம் போனதும் வெட்டு ஒரு பக்கமாக வளைந்து, பார் (செயின் சுற்றி ஓடும் நீண்ட இரும்புத் தகடு) சிக்கிக்கொள்ளும். ஒரு பக்கத்துப் பற்கள் மழுங்கியிருந்தால் இப்படி ஆகும் என்பதால், எல்லாவற்றையும் வட்ட அரத்தால் ஒரே கோணத்தில், ஒரே நீளத்துக்குத் தீட்டினேன். பலனில்லை. புதுச் செயின் மாட்டினேன்; அதுவும் அதே பக்கம் வளைந்தது!

அப்புறம் பாரைக் கழற்றி, மேல் விளிம்பு கீழே வரும்படி புரட்டி மாட்டினேன். வெட்டு நேராக இறங்கியது. ஆக, இதுவரை கீழே இருந்த விளிம்பில்தான் வில்லங்கம். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த விளிம்பு படும்படி பாரைக் கண்ணாடி மேல் நிறுத்தி மூலைமட்டம் வைத்தபோது சாய்வு தெரிந்தது. செயின் ஓடும் பள்ளத்தின் இரு சுவர்களில் ஒன்று அதிகம் தேய்ந்திருந்தது. செயினே சாய்ந்து ஓடும்போது பல் எவ்வளவு கூராக இருந்து என்ன?

பாரை வைஸில் இறுக்கி, தட்டை அரத்தைப் பாரின் பக்கவாட்டுக்குச் செங்குத்தாகப் பிடித்து, இரண்டு சுவரும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை ராவினேன். வெளிப்புறம் பிதுங்கியிருந்த பிசிரையும் எடுத்தேன். இதில் பள்ளத்தின் ஆழம் குறையும்; பள்ளத்துக்குள் ஓடும் செயினின் அடிப்பற்கள் பள்ளத்தின் அடியைத் தொட்டால் புதுப் பார்தான் வழி. எனக்கு இடைவெளி மிச்சமிருந்தது. இப்போது எந்தப் பக்கம் புரட்டினாலும் நேராக அறுக்கிறது, அப்பாடா.