எலியின் ரத்த அழுத்தமும் அக்குபங்சர் கருவியும்: சோதனை சறுக்கும் இடங்கள்

உடலில் குத்திய ஊசிகள் வழியே மென்மையான மின்சாரம் பாய்ச்சும் மின் அக்குபங்சர் கருவி எலியின் ரத்த அழுத்தத்தைக் குறைத்தது என்று யாராவது சொன்னால், அழுத்தத்தை எப்படி அளந்தார்கள் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலான பிழைகள் அங்கேதான் நுழைகின்றன.

வழக்கமான முறையில் எலியைக் குறுகிய குழாய்க்குள் அடைத்து, வாலைச் சூடாக்கி, பட்டை சுற்றிக் காற்றேற்றி அளப்பார்கள். மிரண்ட எலிக்கு அழுத்தம் எகிறும். நாள் செல்லச் செல்ல குழாய் பழகிப்போக, அது தானாகவே இறங்கும். இந்த இறக்கத்தையும் கருவியின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். எலியைப் பல நாள் பழக்கிய பிறகே தொடக்க அளவை எடுக்க வேண்டும். வசதியிருந்தால் பெருந்தமனியில் கம்பியில்லாமல் அளவை அனுப்பும் டெலிமெட்ரி உணரி பொருத்தி, கூண்டில் உலவும்போதே அளப்பது இன்னும் நம்பகமானது. எலி இரவில் விழித்திருக்கும் பிராணி என்பதால் அளக்கும் நேரமும் மாறக்கூடாது. மயக்க மருந்து கொடுத்து அளந்தால் வேறு சிக்கல்: ஐசோபுளூரேன் போன்ற மயக்க மருந்து தானே அழுத்தத்தைத் தாழ்த்தும்.

அடுத்தது ஒப்பீட்டுக் குழு. 1963இல் ஜப்பானின் ஒகமோட்டோவும் அவோகியும் உருவாக்கிய, பிறவியிலேயே உயர் ரத்த அழுத்தம் வரும் எலி இனத்தைத்தான் பலரும் பயன்படுத்துகிறார்கள். சிகிச்சை பெற்ற இந்த எலிகளைச் சாதாரண எலிகளோடு மட்டும் ஒப்பிட்டால் எதுவும் தெரியாது. அதே இனம், அதே வயது, அதே குழாய், அதே ஊசி, மின்சாரம் மட்டும் இல்லை என்ற குழு வேண்டும். அக்குபங்சர் புள்ளி அல்லாத இடத்தில் மின்சாரம் பாய்ச்சிய குழுவும் இல்லையென்றால், குறிப்பிட்ட புள்ளிக்குத்தான் மகிமை என்று பேச உரிமையில்லை.

கருவியின் திருகு காட்டும் எண்ணையும் அப்படியே நம்பவேண்டாம். ஊசி தளர்ந்தால் மின்தடை மாறும். சுற்றில் ஒரு மின்தடையாக்கியைத் (ரெசிஸ்டர்) தொடராகச் சேர்த்து, அலைகாட்டியில் (ஆசிலோஸ்கோப்) உண்மையான மின்னோட்டத்தைப் பாருங்கள். விநாடிக்கு 2 துடிப்பு, 1 அல்லது 2 மில்லிஆம்பியர் போன்ற மென்மையான அளவே வழக்கம். வலிக்கும் அளவுக்கு ஏற்றினால் அழுத்தம் இறங்குவதற்குப் பதில் ஏறும். ஒரே திசையில் பாயும் மின்சாரம் திசுவைப் புண்ணாக்கி ஊசியையும் அரிக்கும். இரு திசைத் துடிப்புகள் சமமாக இருக்க வேண்டும்.

மின்சாரம் பாயும்போது தசை துடிப்பது வெளியே தெரியும். எந்த எலிக்குச் சிகிச்சை என்பது பார்த்தவுடன் விளங்கிவிடும். ஆகவே ஊசி குத்துபவரே அழுத்தத்தையும் அளக்கக்கூடாது. கணக்கில் ஒரு கள்ளத்தனமும் நடக்கும்: 6 எலிகளிடம் பத்துப் பத்து முறை அளந்துவிட்டு, மாதிரி அளவு (சோதித்த எலிகளின் எண்ணிக்கை) 60 என்று போடுவது. அது 6தான்.