ரேஷியோ எண் குறைந்தால் டீசல் மிச்சமா? லோடு லாரிக்குக் கிரவுன் பினியன் தேர்வில் நடக்கும் தவறுகள்

நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் புது வண்டிக்கு ஆர்டர் கொடுக்கும்போதும் சரி, பழைய வண்டியின் ஹவுசிங்கை, அதாவது பின் ஆக்சிலின் நடுவில் இருக்கும் பல்சக்கரக் கூட்டை, பிரிக்கும்போதும் சரி, ஒரு யோசனை தவறாமல் வந்து விழும்: "ரேஷியோவைக் குறைச்சுப் போடுங்க, டீசல் மிச்சமாகும்." அந்தக் கூட்டுக்குள் எஞ்சின் பக்கமிருந்து சுற்றும் சின்னப் பல்சக்கரம் பினியன், அது சுற்றிவிடும் பெரியது கிரவுன் வீல். கிரவுன் வீலின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் வருவதுதான் அந்த எண். 37-ஐ 6 ஆல் வகுத்தால் 6.17, 37-ஐ 7 ஆல் வகுத்தால் 5.29, 39-ஐ 8 ஆல் வகுத்தால் 4.88, 37-ஐ 9 ஆல் வகுத்தால் 4.11. எண் குறையக் குறைய, அதே வேகத்துக்கு எஞ்சின் மெதுவாகச் சுற்றும். எஞ்சினுக்குள் உராய்வில் வீணாவதும் குறையும். அந்த யோசனையில் இவ்வளவுதான் உண்மை. மீதியை டாப் கியர், டயர், லோடு, ரோடு நான்கும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

அதனால் முதல் தவறு, பக்கத்து வண்டியின் எண்ணைப் பார்த்து நம் வண்டிக்கு முடிவெடுப்பது. அவருடைய கியர்பாக்ஸில் டாப் கியர் நேரடியாக 1.00 ஆக இருக்கலாம், உங்களுடையது 0.75 ஓவர்டிரைவாக (கியர்பாக்ஸின் பின்முனை எஞ்சினைவிட வேகமாகச் சுற்றுவது) இருக்கலாம். இரண்டையும் பெருக்கிப் பார்க்காமல் ஆக்சில் எண்ணுக்குத் தனியாக ஒரு பொருளும் கிடையாது. ஓவர்டிரைவில் ஓடும் 6.17, பெருக்கினால் 4.63 ஆகிறது. நேரடி டாப்பில் ஓடும் 4.88-ஐ விட அது குறைவு! பார்வைக்கு "டீசல் குடிக்கும்" ஹவுசிங் வைத்த வண்டியில்தான் எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறது. இதில் ஒரு சின்னத் திருப்பமும் உண்டு. நேரடி டாப் கியரில் சக்தி கியர் பற்களைத் தாண்டாமல் ஷாஃப்ட் வழியே நேராகப் போவதால், கியர்பாக்ஸில் ஒன்றிரண்டு சதவீத இழப்பு மிச்சமாகும். மொத்த எண் ஏறக்குறைய ஒன்றாக வருமென்றால் நேரடி டாப்போடு சிறிய ஆக்சில் எண்ணே மேல்.

கணக்கு போட ஒரு குறுக்குவழி இருக்கிறது. மணிக்கு 60 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு ஒரு கி.மீ. ஆகவே, ஒரு கி.மீ.க்குச் சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறதோ, அதுவே 60-ல் சக்கரத்தின் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று). 10.00 ஆர் 20 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 3.2 மீட்டர் போகும், கி.மீ.க்கு 312 சுற்று. அதை ஆக்சில் எண்ணாலும் டாப் கியர் எண்ணாலும் பெருக்கினால் எஞ்சின் ஆர்பிஎம் வந்துவிடும். 0.75 ஓவர்டிரைவ் உள்ள வண்டிக்கு 60-ல் இப்படி வருகிறது: 6.17 என்றால் 1444, 5.29 என்றால் 1238, 4.88 என்றால் 1142, 4.11 என்றால் 962. வேகம் 80 ஆனால் எல்லாவற்றிலும் மூன்றில் ஒரு பங்கு கூடும். டயரின் 3.2 மீட்டரை நம்பாதவர்கள், லோடோடு நிற்கும் வண்டியின் டயரில் சாக்பீஸ் கோடு போட்டுப் பத்துச் சுற்று உருட்டி டேப் பிடித்துப் பார்க்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன். புது டயருக்கும் மொட்டை டயருக்கும் இடையிலேயே இரண்டு சதவீதம் வித்தியாசம் வரும்.

எந்த வேகத்துக்குக் கணக்கு போடுவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நான்குவழிச் சாலையில் சரக்கு வண்டிக்கு 2018-லிருந்து அதிகபட்ச வேகம் 80, வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் 80-க்குத்தான் என்பதால், 80-ஐ வைத்தே ரேஷியோ பார்க்கிறார்கள். 4.11 ஹவுசிங் 80-ல் 1283 காட்டும். ஆர்பிஎம் மீட்டரின் பச்சைப் பட்டைக்குள் அழகாக நிற்கும், தாளில் பார்த்தால் ஆசையாகவும் இருக்கும். ஆனால் முழு லோடு ஏற்றிய வண்டி நாள் முழுக்க 80-லா போகிறது? தேசிய நெடுஞ்சாலை 44-ல் சர்வீஸ் ரோடு, டோல், ஊர் நெரிசல் எல்லாம் கடந்து பெரும்பாலான நேரம் 55, 60, 65 என்றுதான் ஓடுகிறது. அங்கே அதே ஹவுசிங் 962-க்கு இறங்கிவிடும். வண்டி அதிக நேரம் எந்த வேகத்தில் நிற்கிறதோ, அந்த வேகமே கணக்குக்கு ஆதாரம்.

சரி, 962-ல் சுற்றினால் என்ன குடி மூழ்கிவிடும்? ரோடு கண்ணாடி மாதிரி மட்டமாக இருந்தால் ஒன்றும் ஆகாது. மூன்று ஆக்சில், 28.5 டன் வண்டியை எடுத்துக்கொள்வோம். மட்டமான சாலையில் 60-ல் டயர் உராய்வும் காற்றுத் தடையும் சேர்ந்து அதைப் பின்னுக்கு இழுப்பது சுமார் 300 கிலோ. அதே சாலை நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறினால், 28.5 டன்னில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது இன்னொரு 285 கிலோ சேர்ந்துவிடும். ஒரு சதவீத ஏற்றம் டிரைவர் கண்ணுக்கு ஏற்றமாகவே தெரியாது. மேம்பாலத்துக்குப் போகும் சாலை அதைவிடச் செங்குத்து. எஞ்சினுக்கோ வேலை இரட்டிப்பு.

அந்த 585 கிலோவை 60 வேகத்தில் இழுக்க, வழியில் போகும் இழப்பையும் சேர்த்து, எஞ்சின் சுமார் 105 கிலோவாட் கொடுக்க வேண்டும். உச்ச டார்க் (முறுக்கு விசை) 950 நியூட்டன் மீட்டர் உள்ள எஞ்சின் 962 ஆர்பிஎம்மில், முழு டார்க்கும் அங்கேயே கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும், 96 கிலோவாட்தான் தரும். போதாது. இன்றைய ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில் உச்ச டார்க் 1000-க்கு மேல்தான் தொடங்குகிறது என்பதால் உண்மையில் இன்னும் மோசம். 4.88 போட்டு 1142-ல் சுற்றினால் 113 கிலோவாட் கிடைக்கும். டாப் கியரிலேயே ஏறிவிடும், கையிருப்பு மட்டும் கொஞ்சம்தான். 5.29-ல் 1238, தாராளம். இரண்டு சதவீத ஏற்றம் வந்தால் இவை எல்லாவற்றுக்குமே கியர் இறக்க வேண்டியிருக்கும், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு ஏற்றத்துக்கும் கியர் இறக்க வைக்கும் ஹவுசிங், டாப் கியரையே அலங்காரப் பொருளாக்கிவிடுகிறது. கியர் இறக்கச் சலிப்புப்படும் டிரைவர் வண்டியைத் திணறத் திணற ஓட்டுவார். கடைசியில் நாள் பாதி கீழ்க் கியரில் 1300, 1400-ல் ஓடும் வண்டியில் மிச்சமாவது ஒன்றுமில்லை.

2018-ல் அரசு ஆக்சில் பாரத்தைக் கூட்டியபோது மூன்று ஆக்சில் வண்டி 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. அதற்கு முந்தைய பழைய அனுபவத்தை வைத்து "அந்த வண்டியில் 4.11 நன்றாகத்தானே இழுத்தது" என்று சொல்பவர்கள் இந்த மூன்றரை டன்னை மறந்துவிடுகிறார்கள். பார்சல், பஞ்சு போல இடத்தை அடைத்துக்கொண்டு எடை குறைவாக நிற்கும் லோடுக்குச் சிறிய எண் பொருந்தும். சிமெண்டுக்கும் கம்பிக்கும் பொருந்தாது. போகும்போது சிமெண்ட், வரும்போது காலி என்றால் சிமெண்டுக்குத்தான் தேர்வு செய்ய வேண்டும். காலி வண்டி எந்த ரேஷியோவிலும் ஓடும்.

மலைப்பாதைக் கணக்கு வேறு. 6.17-லிருந்து 4.11-க்கு மாறினால் எல்லாக் கியரிலும், முதல் கியர் உட்பட, இழுவையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறும்போது நடுவழியில் நின்றுவிட்டால் மறுபடி நகர்த்தக் கிளட்ச்தான் பலி. திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இறக்கத்திலும் விஷயம் இருக்கிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றுவதால் அதே கியரில் எக்ஸாஸ்ட் பிரேக்கின் (புகைக்குழாயை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பது) பிடி குறையும். முன்பு ஐந்தாவது கியரில் தொப்பூர் இறங்கிய டிரைவர் இனி நான்கில் இறங்க வேண்டும். இதை அவரிடம் சொல்லாமல் ஹவுசிங்கை மட்டும் மாற்றி அனுப்புவது ஆபத்து. சக்கரத்துக்கு அதே இழுவையைக் கொடுக்க, சிறிய எண்ணில் கியர்பாக்ஸிலிருந்து ஹவுசிங்குக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒன்றரை மடங்கு முறுக்கைத் தாங்க வேண்டும் என்பதால், அதன் மூட்டில் இருக்கும் யூனிவர்சல் ஜாயிண்ட் கிராஸும் சீக்கிரம் பேசத் தொடங்கும்.

மாற்றிய பிறகு மீட்டரை மறப்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் வேடிக்கையான தவறாகத் தெரிகிறது. பெரும்பாலான லாரிகளில் வேக சென்சார் கியர்பாக்ஸின் பின்முனையில் இருக்கிறது. ஹவுசிங்குக்குள் நடந்த மாற்றம் அதற்குத் தெரியாது. 6.17-ஐ எடுத்துவிட்டு 5.29 போட்டால், வண்டி உண்மையில் 100 கி.மீ. ஓடும்போது மீட்டர் 86 என்று காட்டும். லிட்டருக்கு 4 கொடுத்த வண்டி இப்போது 4.15 கொடுக்கிறது என்று வையுங்கள். மீட்டரை நம்பி வகுத்தால் 3.56 வரும். "ரேஷியோ மாத்தி மைலேஜ் போச்சு" என்று முதலாளி பட்டறைக்கு வந்து சண்டை பிடிப்பார்! சண்டையைவிடப் பெரியது, மீட்டர் 80 காட்டும்போது வண்டி 93-ல் பறப்பது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் அதே சென்சாரை நம்பினால் அதுவும் ஏமாறும். காற்றுத் தடை வேகத்தின் இருமடி வீதத்தில் ஏறுவதால், 60-ல் ஓடுவதைவிட 80-ல் அது 1.78 மடங்கு. எஞ்சின் சத்தம் குறைந்திருக்கிறதே என்று டிரைவர் மிதித்தால் ரேஷியோ மிச்சப்படுத்தியதைக் காற்று வாங்கிக்கொள்ளும். பிஎஸ்6 வண்டி என்றால் கம்பெனி சர்வீஸில் எஞ்சின் கணினியில் புது எண்ணைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அதுவரை ஜிபிஎஸ் காட்டும் தூரத்தை வைத்து மைலேஜ் போடுங்கள்.

வாரண்டி உள்ள வண்டியில் கை வைக்க வேண்டாம். வாங்கும்போதே அந்த மாடலுக்கு எந்தெந்த ரேஷியோ கிடைக்கும் என்று கேட்டு எழுத்தில் வாங்குவதே சுலபம். பழைய வண்டி என்றால் காயலாங்கடையில் தனிப் பினியனோ தனிக் கிரவுனோ வாங்காதீர்கள். இரண்டும் ஒன்றோடொன்று தேய்த்து ஜோடியாகப் பொருத்தப்பட்டவை. ஜோடி மாறினால் ஊளையிடும், பிறகு பல் உதிரும். டிப்பர் போல இரண்டு பின் ஆக்சிலும் ஓட்டும் வண்டியில் இரண்டு ஹவுசிங்கும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். பொருத்தும்போது பற்களில் சாயம் தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பேக்லாஷ் (பற்களுக்கு நடுவே விடும் இடைவெளி) அளவையும் டயல் கேஜ் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கையால் ஆட்டிப் பார்த்து "சரியா இருக்கு" என்று மூடும் பட்டறையில் ஹவுசிங்கைக் கொடுக்காதீர்கள்.