ஆஸ்திரேலியாவில் சைல்ட்கேர் தேடுகிறீர்களா? ரேட்டிங்கை இப்படிப் படியுங்கள்

சைல்ட்கேர் தேடும்போது வீட்டுக்குப் பக்கமா, நாளுக்கு எத்தனை டாலர், இடம் காலியா என்றுதான் எல்லோரும் முதலில் பார்ப்போம். தப்பில்லை. ஆனால் 2012 முதல் நாடு முழுவதற்கும் பொதுவாக ஒரு தேசியத் தரக் கட்டமைப்பு நடப்பில் இருக்கிறது, மாநில அதிகாரிகள் சென்டருக்கே போய்ப் பார்த்து மதிப்பிடுகிறார்கள், அந்த முடிவு ஸ்டார்ட்டிங் பிளாக்ஸ் என்ற அரசுத் தளத்தில் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. அதைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

சென்டர் பெயரைப் போட்டால் பெரும்பாலும் எக்ஸீடிங் (தேசியத் தரத்தை மிஞ்சியது), மீட்டிங் (தரத்தை எட்டியது), வொர்க்கிங் டுவர்ட்ஸ் (இன்னும் எட்டவில்லை) என்று ஏதாவது ஒன்று வரும். அதோடு நிறுத்த வேண்டாம், கீழே ஏழு பிரிவுகளுக்கும் தனித்தனி ரேட்டிங் இருக்கும். ஏழில் ஒன்று குறைந்தாலே மொத்தமும் வொர்க்கிங் டுவர்ட்ஸ் ஆகிவிடும், அதனால் எது குறைந்தது என்பதுதான் கேள்வி. பாடத்திட்டத்தில் குறை என்றால் பேசிப் பார்க்கலாம். உடல்நலம், பாதுகாப்பு பற்றிய 2வது பிரிவிலோ ஊழியர் பற்றிய 4வது பிரிவிலோ குறை என்றால் நான் ரொம்பவே யோசிப்பேன். ரேட்டிங் கொடுத்த தேதியையும் பாருங்கள். பல வருடம் பழையது என்றால் அப்போதிருந்த டைரக்டரும் ஊழியர்களும் இன்னும் இருக்கிறார்களா என்று நேராகவே கேளுங்கள்.

அப்புறம் ஆள் கணக்கு. இரண்டு வயதுக்குள் நான்கு குழந்தைக்கு ஒரு ஊழியர். இரண்டிலிருந்து மூன்று வயது வரை பொதுவாக ஐந்துக்கு ஒருவர், விக்டோரியாவில் அந்த வயதுக்கும் நான்குக்கு ஒருவர்தான். இதில் பலருக்குத் தெரியாத விஷயம், இந்தக் கணக்கு அறைவாரியாக இல்லை, சென்டர் முழுவதற்கும் சேர்த்துப் போடுவது. ஆக, தாளில் கணக்கு சரியாக இருக்கும்போதே ஒரு அறையில் ஆள் குறைவாக இருக்க முடியும். அதனால் "எங்கள் குழந்தை இருக்கப்போகும் அறையில் காலை ஏழரைக்கும் மாலை ஐந்தரைக்கும் எத்தனை பேர் இருப்பார்கள், பிள்ளைகளை ஒரே அறையில் சேர்ப்பீர்களா?" என்று கேளுங்கள். காலை பத்து மணிக்கு டூர் போனால் எல்லா சென்டரும் நன்றாகத்தான் தெரியும், முடிந்தால் மாலையில் போங்கள்.

சேர்த்த பிறகும் உங்களுக்கு உரிமை உண்டு. குழந்தை அங்கே இருக்கும் நேரத்தில் நீங்கள் எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், அபூர்வமான காரணம் இல்லாமல் தடுக்க முடியாது. தர மேம்பாட்டுத் திட்டத்தைக் கேட்டால் காட்ட வேண்டும். ஏதாவது குறையை சென்டரில் சொல்லியும் சரியாகாவிட்டால் உங்கள் மாநில ஒழுங்குமுறை அமைப்பிடம் புகார் கொடுங்கள். யாரிடம் புகார் சொல்வது என்ற விவரத்தை சென்டர் வாசலிலேயே மாட்டியிருக்க வேண்டும், முதல் நாளே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், பார்த்தது, யார் என்ன சொன்னார்கள் என்று எழுதி அனுப்புங்கள்.