அக்கா போன பிறகு யாரைக் கேட்பது? ஆய்வகக் கைப்பக்குவத்தை எழுதி வைக்கும் முறை

எங்கள் லேபில் நீல டேப் ஒட்டிய நான்கு குடுவைகள் இருந்தன. காம்பீடென்ட் செல் (வெளி டிஎன்ஏவை ஏற்கப் பக்குவப்படுத்திய பாக்டீரியா) தயாரிக்கும் சீனியர் அக்கா மட்டுமே அவற்றைத் தொடுவார். பிஎச்டி வைவா (வாய்மொழித் தேர்வு) முடித்து அவர் கிளம்பிய இரண்டு மாதத்தில் எங்கள் டிரான்ஸ்ஃபார்மேஷன், அதாவது அந்த செல்லுக்குள் டிஎன்ஏவை ஏற்றும் வேலை, படுத்துவிட்டது. தட்டு நிறைய வரவேண்டிய காலனிகள் (டிஎன்ஏ ஏறிய பாக்டீரியா வளர்ந்த புள்ளிகள்) நான்கோ ஐந்தோ வந்தன. கால்சியம் குளோரைடைப் புதிதாகக் கரைத்தோம், பிளாஸ்மிட்டை (செல்லுக்குள் ஏற்றும் வட்ட டிஎன்ஏ) மாற்றினோம், ஐஸைக்கூடச் சந்தேகப்பட்டோம். கடைசியில் அக்காவுக்குப் போன் போட்டோம்.

"நீல டேப் குடுவையைச் சோப்பு போட்டுக் கழுவினீங்களா?"

கழுவியிருந்தோம். சோப்பு கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் செல்கள் டிஎன்ஏவை ஏற்கும் திறன் விழுந்துவிடும். அதனால் அக்கா அவற்றைக் காய்ச்சி வடித்த நீரில் மட்டும் அலசி ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமிநீக்கம்) செய்வாராம். ப்ரோட்டோகால் (செய்முறை) தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. இந்த மாதிரி வரிகளை எப்படிப் பிடிப்பது என்று பார்ப்போம்.

படி 1: போன் கேள்விகளைத் திரட்டுங்கள்

லேபின் வாட்ஸ்அப் குழுவில் கடந்த மூன்று மாதம் பின்னால் போய், சீனியர்களிடம் கேட்ட கேள்விகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். எந்த வேலைக்கு ஒரே ஆளிடம் மூன்று முறை கேட்டிருக்கிறீர்களோ, அந்த வேலை அவர் தலைக்குள் மட்டும் இருக்கிறது. அங்கிருந்து தொடங்குங்கள். எல்லாவற்றையும் எழுதப் புறப்பட்டால் ஒன்றும் முடியாது.

படி 2: சீனியர் செய்யட்டும், ஜூனியர் எழுதட்டும்

பொதுவாக இது தலைகீழாக நடக்கிறது. கைடு சீனியரை எழுதச் சொல்வார். பழகிய கைக்குத் தான் செய்வது தெரியாது, பாதியை விட்டுவிடுவார். புதிதாக வந்தவர் கண்ணுக்குத்தான் எல்லாம் விநோதமாகப் படும்.

தாளில் "செல்களை மெதுவாகக் கலக்கவும்" என்று இருக்கும். மெதுவாக என்றால் எப்படி? பக்கத்தில் நின்று பார்த்தவர் இப்படி எழுதுவார்: "வோர்டெக்ஸ் (குழாயை வேகமாகக் குலுக்கும் கருவி) பக்கமே போகவில்லை. குழாயை ஐஸில் வைத்தபடியே கையால் சுழற்றினார். அடியில் படிந்த செல் கட்டி கரைய 5 நிமிடம் ஆனது. அதற்கு முன், செல்களை வளர்க்கும்போது, 600 நானோமீட்டரில் OD (வளர்ச்சியைக் காட்டும் கலங்கல் அளவு) 0.3 தொட்டதும் நகரவே இல்லை, 0.4 தாண்டுமுன் எடுத்து ஐஸில் வைத்துவிட்டார்."

ஏன் என்று அப்போதே கேட்டு ஓரத்தில் எழுதுங்கள். சத்துள்ள ஊடகத்தில் 37 டிகிரியில் ஈ.கோலை (நாம் வளர்க்கும் பாக்டீரியா) சுமார் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். டீ குடிக்கப் போய்வந்தால் வளர்ச்சி அந்த அளவைத் தாண்டியிருக்கும்.

அடுத்த முறை ஜூனியர் செய்யட்டும், சீனியர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கட்டும். அவர் பொறுக்க முடியாமல் "ஐயோ, அப்படி இல்லை" என்று வாய் திறக்கும் ஒவ்வொரு இடமும் தாளில் விடுபட்ட வரி. உடனே சேர்த்துவிடுங்கள்.

படி 3: தாளைச் சோதியுங்கள்

இதுவரை இதைச் செய்யாத ஒருவரிடம் தாளை மட்டும் கொடுங்கள். அவர் தயாரித்த செல்லில் 100 பிகோகிராம் பியுசி19 என்ற பிளாஸ்மிட்டைப் போட்டு, முழுவதையும் தட்டில் பரப்பி எண்ணுங்கள். 100 காலனி வந்தால் ஒரு மைக்ரோகிராமுக்கு 10 லட்சம் என்று கணக்கு. சீனியர் எடுக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் தாள் சரி. வராவிட்டால் அந்த ஆளைத் திட்டாதீர்கள், தாளைத் திருத்துங்கள்.

படி 4: ஃப்ரீசர்

மைனஸ் 80 ஃப்ரீசரைத் திறந்தால் "புதுசு", "புதுசு 2", "கண்டிப்பாக இதுதான்" என்று குழாய்கள் இருக்கும். எழுதியவர் இப்போது எந்த நாட்டில் இருக்கிறாரோ! பெயர் வைப்பதை விட்டுவிட்டு லேப் முழுவதற்கும் ஒரே தொடர் எண் போடுங்கள். மைக்கேல் ஃபாரடே தன் ஆய்வுக் குறிப்பேட்டில் பத்திகளுக்கு இப்படி எண் போட்டு 16,041 வரை போனார். நமக்கு ஐந்நூறு போட முடியாதா?

எண்ணை மூடியில் மட்டும் எழுதாதீர்கள், மூடி மாறிவிடும். பக்கவாட்டிலும் எழுதுங்கள். ஆல்கஹால் பட்டால் சாதா மார்க்கர் அழிந்துபோகும், அதனால் உறைகுளிர் தாங்கும் லேபிள் வாங்குங்கள். முக்கியமான கிளிசரால் ஸ்டாக்குகளுக்கு (கிளிசராலில் உறையவைத்த பாக்டீரியா) இன்னொரு ஃப்ரீசரில் ஒரு பிரதி இருக்கட்டும்.

படி 5: கோப்புகள்

தரவு யாருடைய சொந்தக் கணக்கிலும் இருக்கக் கூடாது. பொதுக் கணக்குக்கு மாற்றுங்கள். கோப்பின் பெயர் 2025-03-14 என்று ஆண்டில் தொடங்கினால் தானாகவே வரிசையில் நிற்கும். அப்புறம், தோல்வியடைந்த சோதனைகளுக்குத் தனிக் கோப்புறை வையுங்கள். எங்கள் லேபில் அதிகம் திறக்கப்படுவது அதுதான்.

எப்போது தொடங்குவது?

சீனியர் சினாப்சிஸ் (தீசிஸ் சுருக்கம்) கொடுப்பதற்கு ஆறு மாதம் முன்பே. தீசிஸ் எழுத உட்கார்ந்துவிட்டால் அவரை லேப் பக்கமே பார்க்க முடியாது. வைவா அன்று எல்லோர் கையிலும் சமோசாதான் இருக்கும்.