டி.வி.யைத் தாங்குவது சுவர்தான்: மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டி.வி. வாங்குகிறவர்கள் எத்தனை அங்குலம், படம் எவ்வளவு தெளிவு என்று நாள் கணக்கில் அலசுகிறார்கள். அது தொங்கப்போகும் சுவர் செங்கல்லா, ஹாலோ பிளாக்கா என்று மாட்டுகிற அன்றுகூடக் கேட்பதில்லை. முதல் தவறு இதுதான். டி.வி. கழன்று விழும்போது பிராக்கெட்டின் இரும்பு முறிந்திருப்பது அபூர்வம். சுவருக்குள் இருக்கும் திருகாணிதான் பிடி விட்டிருக்கும்.

செங்கல் சுவரின் மேல் உள்ள சிமென்ட் பூச்சு பொதுவாக 12 முதல் 15 மில்லிமீட்டர் வரை இருக்கும். கோணலை மறைக்கக் கொத்தனார் கூடுதலாக அப்பிய இடத்தில் இன்னும் தடிமன். பூச்சை நம்பி எடையைத் தொங்கவிடக் கூடாது. திருகாணியைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் கட்டை 30 மில்லிமீட்டர் நீளம் என்றால் அதில் பாதி பூச்சிலேயே முடிந்துவிடுகிறது. குறைந்தது 50 மில்லிமீட்டர் நீளமுள்ள கட்டை வேண்டும், பெரிய டி.வி.க்கு அதைவிட நீளமானதே நல்லது. துளை போடுவதற்கு முன் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். ‘டொப்’ என்று வெற்றொலி கேட்டால் பூச்சு கல்லை விட்டு எழும்பியிருக்கிறது. ஓதம் ஏறி உப்புப் பூத்த சுவரும் வேண்டாம்.

துளையிடும்போது கொட்டும் தூளைக் கவனியுங்கள். முதலில் சாம்பல் நிறத்தில் வருவது பூச்சு. பிறகு சிவந்த தூள் சீராக வந்தால் செங்கல்லுக்குள் போய்விட்டீர்கள். சிவப்பே வராமல் மறுபடி சாம்பலும் மணலுமாக, எதிர்ப்பில்லாமல் வந்தால் இரண்டு கற்களுக்கு நடுவிலுள்ள சாந்தில் இறங்கியிருக்கலாம். துளையைச் சற்று மேலோ கீழோ மாற்றுங்கள். டிரில் திடீரென்று முன்னால் பாய்ந்தால் உள்ளே வெற்றிடம், அதாவது ஹாலோ பிளாக். அங்கே சாதாரணக் கட்டை நிற்காது, உள்ளே விரிந்து பிடிக்கும் ஆங்கர்தான் சரி. காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்லான ஏ.ஏ.சி. பிளாக் சுவரில் ஹேமர் முறையை நிறுத்திவிட்டுத்தான் துளைக்க வேண்டும். இடிக்கிற டிரில் துளையை அகலமாக்கிவிடும்.

துளை பெரிதாகிக் கட்டை ஆடினால் தீக்குச்சியும் காகிதமும் திணித்து இறுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. இதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். அன்றைக்கு இறுகும், பிறகு மெல்லத் தளரும். சில அங்குலம் தள்ளிப் புதிய துளை போடச் சொல்லுங்கள்.

முன்னால் இழுத்துத் திருப்பும் கை வைத்த பிராக்கெட் வாங்குகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 15 கிலோ டி.வி.யை அரை மீட்டர் முன்னால் இழுக்கிறீர்கள், பிராக்கெட்டின் மேல் ஆணிக்கும் கீழ் ஆணிக்கும் இடைவெளி 20 சென்டிமீட்டர் என்றால், மேல் ஆணிகளைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை ஏறத்தாழ 37 கிலோ. டி.வி.யைத் திருப்பும் தேவை உண்மையில் இல்லையென்றால் சுவரோடு ஒட்டிய பிராக்கெட்டே போதும் என்பது என் கருத்து.

மின் வயர் செல்லும் பைப் பெரும்பாலும் சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலே கூரையை நோக்கி ஓடும். அந்தக் கோட்டில் துளை போடாதீர்கள். அந்த அறையின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, டிரில்லுக்கு வேறு அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் போடுங்கள். சுவருக்குப் பின்னால் குளியலறை இருந்தால் தண்ணீர்க் குழாயையும் நினைவில் வையுங்கள்.

உயரம் அவரவர் உட்காரும் விதத்தைப் பொறுத்தது. சோபாவில் உட்காருகிறவர்களுக்குத் திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் மூன்றரை அடியில் இருந்தால் போதும். பாய் விரித்துப் பார்க்கிற வீட்டில் இன்னும் தாழ்த்தலாம். கதவு உயரத்தில் மாட்டினால் கழுத்து வலி நிச்சயம்.

டி.வி.யின் முதுகில் முடுக்கும் திருகாணி தனிக் கணக்கு. அளவுக்கு மீறி நீளமாக இருந்தால் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையைக் குத்தும், குட்டையாக இருந்தால் இரண்டு சுற்றில் நின்றுவிடும். கையேட்டில் அளவு இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

டி.வி.யைக் கொக்கியில் மாட்டியதும் வேலை முடிந்ததாக நினைத்து, பிராக்கெட்டின் கீழே உள்ள பூட்டுத் திருகாணியை முடுக்காமல் விடுகிறவர்கள் நிறைய. தூசி துடைக்கக் கீழ் விளிம்பைச் சற்று உயர்த்தினாலே போதும், டி.வி. கொக்கியை விட்டு வெளியே வந்துவிடும். மாட்ட வந்தவர் கிளம்புவதற்கு முன், அந்தத் திருகாணியைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.