நோயுள்ள பிள்ளையின் பக்கத்தில் உட்காருவது எப்படி

31 வருடம் சத்திரசிகிச்சை அறையில் நின்றவன் நான். என் கைக்கு வந்த பிள்ளைகள் எல்லோரும் மயக்கத்தில் கிடந்தார்கள். விழித்திருக்கிற பிள்ளையோடு எப்படிக் கதைப்பது என்று எனக்குத் தெரியாது என்பது, மனைவி போன பிறகுதான் உறைத்தது. அவளுக்குக் கணையப் புற்றுநோய். தெரியவந்தபோது வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டியிருந்தது. திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றில் அந்தியேட்டிக் கிரியையை முடித்துவிட்டு உப்புவெளி வீட்டுக்கு வந்தவன், அதற்குப் பிறகு கத்தியைத் தொடவில்லை.

பக்கத்து வளவில் ஏழு வயதுப் பிள்ளை ஒருத்தி. நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம் என்கிற சிறுநீரக நோய். சிறுநீரில் புரதம் கசிந்து முகமும் காலும் வீங்கும். ஸ்டீரொய்ட் கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அடங்கிவிடும். ஆனால் பலருக்குத் திரும்பவும் வரும். அவளோடு பழகிப் பழகி நான் கற்றுக்கொண்டவை இவை. என்னைப் போல வீடு வெறிச்சோடிப் போனவர்களுக்கும், பக்கத்தில் அப்படி ஒரு பிள்ளை இருப்பவர்களுக்கும் உதவும்.

முதலில் தாயிடம் கேளுங்கள். பிறகு பிள்ளையிடமும் கேளுங்கள், அது இல்லையென்று சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள். உட்காருவது விறாந்தையில், தாயின் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில். தடிமன், காய்ச்சல் என்றால் அன்று போகவே வேண்டாம். ஸ்டீரொய்ட் எடுக்கிற பிள்ளைக்குத் தொற்று சாதாரண விஷயமல்ல. உங்கள் வீட்டில் யாருக்காவது கொப்புளிப்பான் (சின்னம்மை) வந்து, பிள்ளை அவர்களுக்குக் கிட்ட வந்திருந்தால் அன்றைக்கே தாயிடம் சொல்லுங்கள், அவர்கள் கிளினிக்கில் சொல்ல வேண்டும். போனதும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

தின்பண்டம் கொண்டுபோகாதீர்கள். மிக்சர், அப்பளம், கருவாட்டுப் பொரியல் எல்லாம் உப்பு. வீக்கம் உள்ள நாட்களில் உப்பைக் குறைக்கத் தாய் படுகிற பாட்டை ஒரு சரை மிக்சர் கெடுத்துவிடும். அந்த மருந்து பசியையும் கூட்டும், பாவம், பிள்ளையால் வேண்டாமென்று சொல்ல முடியாது.

இனி முக்கியமானது. நோயுள்ள பிள்ளைக்குக் கிட்ட வருகிற ஒவ்வொருவருக்கும் அதன் உடம்பிலிருந்து ஏதோ வேண்டும். தாதிக்கு இரத்தம், டொக்டருக்கு நிறை, தாய்க்குக் காலைச் சிறுநீர், அம்மம்மாவுக்கு இன்னும் இரண்டு வாய் சோறு. நீங்கள் ஒன்றும் கேட்காத ஆளாக இருங்கள். "இண்டைக்கு எப்படி இருக்கு?" என்றுகூட வேண்டாம். கன்னம் உப்பியிருப்பதைப் பற்றி ஒரு சொல் வேண்டாம். கேட்காமல் தலையைத் தடவ வேண்டாம்.

நான் இதில் பிழை விட்டேன். காலைச் சிறுநீரில் ஸ்ட்ரிப் தோய்த்து, புரதம் எவ்வளவு என்று பிளஸ் கணக்கில் தாய் ஒரு கொப்பியில் எழுதி வைப்பாள். மூன்று நாள் தொடர்ந்து மூன்று பிளஸ் என்றால் நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தம். ஒருநாள் அந்தக் கொப்பி கதிரையில் கிடந்தது. பழக்கதோஷத்தில் எடுத்துப் பார்த்து, "நேற்றும் இரண்டு பிளஸா?" என்றேன். பிள்ளை எழும்பி உள்ளே போய்விட்டாள். ஒரு கிழமை வெளியே வரவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன், பிள்ளையிடம்தான். அதற்குப் பிறகு தாய் மருந்தைப் பற்றிக் கேட்டாலும் கிளினிக்கில் கேட்கச் சொல்லிவிடுவேன். ஒன்று மட்டும் சொல்வேன்: ஸ்டீரொய்டைத் தாங்களாக நிறுத்தக் கூடாது.

அப்படியென்றால் என்ன செய்வது? இருவருக்கும் பொதுவாக ஒரு வேலை வேண்டும், படுத்துக்கொண்டும் செய்யக்கூடியதாக. எங்களுடையது மான் எண்ணுவது. பிரெட்ரிக் கோட்டைக்குள், கோணேசர் கோயிலுக்குப் போகிற பாதையில் புள்ளிமான்கள் நிற்கும். காலையில் நான் நடக்கப் போகும்போது எண்ணிக்கொண்டு வருவேன். பின்னேரம் நாலு மணிக்கு அவள் ஒரு எண் சொல்வாள். கிட்ட வந்தால் அவளுக்குப் புள்ளி, எட்டப் போனால் எனக்கு. நாலு மணி என்றால் நாலு மணி. வர முடியாவிட்டால் முதல்நாளே சொல்லிவிடுங்கள். ஊசி எப்போது வரும் என்று தெரியாத பிள்ளைக்கு, சொன்ன நேரத்துக்கு வருகிற ஒரு ஆள் பெரிய விஷயம்.

உங்கள் துக்கத்தைப் பிள்ளை ஒருநாள் தொடும். ஒளிக்காதீர்கள், அதன் தலையில் இறக்கவும் வேண்டாம். நான் அழுது கதைப்பதற்கு என்னோடு வேலை செய்த மயக்கமருந்து நிபுணர் ஒருவர் இருக்கிறார், ஞாயிறுதோறும் போன் எடுப்பேன். செத்ததைச் செத்தது என்றே சொல்லுங்கள், "நித்திரையாகிவிட்டா" என்று சொல்லாதீர்கள். அதைக் கேட்ட பிள்ளை, நாளைக்கு மயக்கமருந்துக்காரர் "கொஞ்சம் நித்திரை கொள்ளுங்கோ" என்றால் நடுங்கிப்போகும்.

அவள் தொட்டது இராவணன் கதையில். கோயில் மலையில் இருக்கிற, இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவைப் பற்றியும், தாயின் கிரியைக்காக அவன் கன்னியாவில் நிலத்தைக் குத்தி ஏழு ஊற்று எடுத்ததைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அம்மா செத்ததுக்கு அழுதவனா?"

"அழுதிருப்பான்."

"நீங்களும் கன்னியாவுக்குப் போனனீங்கள்தானே. அழுதனீங்களா?"

"அங்கே அழவில்லை. வீட்டுக்கு வந்துதான்."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்த மலை வெட்டை ஒருத்தரும் தைக்கேல்லையா?" என்றாள். பெரிய வெட்டு, தைக்க ஏலாது என்றேன். "சரி, அதுக்குள்ளால கடல் தெரியும்தானே" என்றாள். அன்று இரவு, பல மாதங்களுக்குப் பிறகு, விடியும்வரை நித்திரை கொண்டேன்.

வார்ட்டில் சேர்த்தால் பார்வை நேரத்துக்குத் தனியாகப் போங்கள். அழுதால் அழ விட்டுப் பக்கத்தில் இருங்கள். எழும்பும்போது அடுத்து எப்போது வருவீர்கள் என்று சொல்லிவிட்டு எழும்புங்கள்.

அப்புறம், சுகமாகிற காலம் வரும். பள்ளிக்கூடம், சிநேகிதிகள், டியூஷன். நாலு மணிக்கு விறாந்தை வெறுமையாக இருக்கும். கூப்பிடாதீர்கள். காலையில் மானை எண்ணி, எண்ணிக்கையை வெண்கட்டியால் படலையில் எழுதிவிட்டு வாருங்கள். எங்கள் படலையில் போன செவ்வாய் 23 என்று எழுதினேன். பின்னேரம் பார்த்தால், பக்கத்தில் பென்சிலால் 26 என்று எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது.